வா லோலிட்டா, ச்சி லோலிட்டா, ஹன் லோலிட்டா: வீட்டில் தைக்க எது தோது?

ஜப்பானின் கிமோனோ, சீனாவின் ச்சிபாவ், கொரியாவின் ஹன்போக். இந்த மூன்றில் ஒன்றை லோலிட்டா என்ற ஜப்பானிய உடைப் பாணியில் கவுனாக மாற்றித் தைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது அழகைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றையும் தைத்து, பிரித்து, மறுபடி தைத்த பிறகு சொல்கிறேன்: அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்றும் அழகுதான். பாவாடையை விரித்து நிறுத்த உள்ளே அடுக்கடுக்காகப் போடும் பெட்டிகோட்டின் மேல் அந்த உடை எப்படி உட்காரும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். லோலிட்டாவின் உயிர் அந்த விரிந்த பாவாடையில்தான் இருக்கிறது. மணி போல உருண்டு விரிந்தாலும் சரி, ஏ எழுத்துப் போல நேராக விரிந்தாலும் சரி, முழங்கால் அளவில் நிற்கும் அந்தப் பாவாடை தொங்கிப் போனால் மேலே என்ன வேலைப்பாடு செய்திருந்தாலும் வீண்.

இந்த உடைப் பாணி வளர்ந்தது ஜப்பானில், தோக்கியோவின் ஹராஜுக்குத் தெருக்களில். பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட் என்ற பெயர்பெற்ற கடை 1988இல் வந்தது. மேற்கத்திய பழங்கால கவுனும் சிறுமிகளின் லேஸ் சட்டையும் கலந்து பிறந்த ஒன்று, பிறகு தன் ஊர் கிமோனோவையும் சேர்த்துக்கொண்டபோது வா லோலிட்டா ஆனது. சீன உடையை ஒட்டி வந்தது ச்சி லோலிட்டா. ஹன் லோலிட்டா என்றால் மட்டும் ஒரு குழப்பம் உண்டு, சிலர் கொரியாவின் ஹன்போக்கைச் சொல்கிறார்கள், சிலர் சீனாவின் ஹன் மக்களுடைய மரபு உடையான ஹன்ஃபுவைச் சொல்கிறார்கள். இரண்டு நாட்டு எழுத்தும் வேறு, பொருளும் வேறு, ஒலி மட்டும் ஒன்று. தையல் படம் வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் வா லோலிட்டா, எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் படுத்தியதும் அதுதான். கிமோனோத் துணி சுருளாக வரும். அகலம் 36 முதல் 38 செ.மீ., நீளம் சுமார் 12 மீட்டர், ஒரு சுருள் ஒரு ஆளுக்கு. அந்த அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் நேர்கோட்டில் வெட்டுவார்கள். உடம்பின் வளைவுக்கேற்பத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட் கிடையாது. கட்டும்போதும் உடம்பின் வளைவு தெரியக்கூடாது. இடுப்பு ஒடுங்கித் தெரிந்தால் உள்ளே துண்டு வைத்துக் கட்டி நேராக்கிவிட்டுத்தான் ஒபி என்ற அகல இடுப்புப் பட்டையைச் சுற்றுவார்கள். லோலிட்டா கேட்பதோ இதற்கு நேர் எதிர், இடுப்பு சிறுத்து அதற்குக் கீழே பாவாடை குப்பென்று விரிய வேண்டும். ஆக, கிமோனோவின் மேல்பாதியை வைத்துக்கொண்டு கீழ்பாதியை முழுக்க மறந்துவிட வேண்டும். இதை ஏற்க எனக்கே கொஞ்ச நாள் ஆனது.

துணிக் கணக்கு இப்படி வரும். இடுப்பு 70 செ.மீ. என்றால் பாவாடையின் கீழ்ச் சுற்று 270 செ.மீ.யாவது வேண்டும். 36 செ.மீ. அகலத் துணியில் இரு பக்கமும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. போனால் 34 நிற்கும், எட்டுத் துண்டு சேர்த்தால் 272. ஒரு துண்டின் நீளம் மடிப்பையும் சேர்த்து 65 செ.மீ. என்று வைத்தால் பாவாடைக்கு மட்டும் 5.2 மீட்டர். புதுச் சுருள் வாங்கினால் தாராளமாகப் போதும். பழைய கிமோனோவைப் பிரித்துத் தைத்தால் அளந்து அளந்து வெட்ட வேண்டும். முதுகுக்கும் முன்பக்கத்துக்கும் தோளில் வெட்டாமல் ஒரே துண்டாகப் போகும் இரண்டு நீளத் துணிகள்தான் பாவாடைக்கு உதவும், முன்பக்கம் சேர்த்திருக்கும் ஒகுமி என்ற அரை அகலத் துண்டுகள் கழுத்துப் பட்டிக்குப் போய்விடும். மேல்சட்டைக்குத் துணி போதாமல் போனால் ஒரு வழி இருக்கிறது. ஒபிக்கு அடியில் மறையும் பகுதியை லைனிங் துணியிலேயே வெட்டிவிடலாம், வெளியே தெரியவே தெரியாது.

இன்னொன்று, பூ வேலைப்பாட்டின் திசை. தோளில் தையல் இல்லாமல் முன்னும் பின்னும் ஒரே துணி போவதால் பல கிமோனோத் துணிகளில் பூக்களை இரண்டு திசையிலும் பார்ப்பது போல இறைத்திருப்பார்கள். அது நமக்கு வசதி. ஒரே திசையில் கொக்கு பறக்கும் துணி கையில் கிடைத்தால் எட்டுத் துண்டையும் தரையில் பரப்பி, கொக்கெல்லாம் தலை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கத்திரிக்கோலை எடுங்கள்.

நான் அழுதது துணி சுருங்கியபோது. ச்சிரிமென் என்று ஒரு பட்டு உண்டு, தொட்டால் பொடிப் பொடியாகச் சுருண்ட இழை விரலில் தெரியும். அதன் மேல் நீராவி இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டேன். கண்ணெதிரே துணி தன்னை இழுத்துக்கொண்டது, இரண்டு விரற்கடை நீளம் போயே போய்விட்டது. வெட்டிய எட்டுத் துண்டில் மூன்று இப்படிக் குட்டையானது. மிச்ச ஐந்தையும் அதே அளவுக்கு வெட்டி, கீழே ஒரு பட்டை வேறு நிறத்தில் சேர்த்துத்தான் அந்த உடை பிழைத்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் யுகாதா என்ற கோடைக்கால கிமோனோவுக்கு வரும் பருத்தித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டினால் பிறகு எந்தத் தொல்லையும் வராது.

கைக்கு வருவோம். நீளக் கை வைத்த கிமோனோவான ஃபுரிசோதேயின் கை ஒரு மீட்டர் அளவுக்குத் தொங்கும். முழங்கால் வரை நிற்கும் கவுனில் அந்தக் கை பாவாடையையும் தாண்டிப் போய்விடும், பார்க்க நன்றாக இருக்காது. சாதாரணக் கிமோனோவின் 49 செ.மீ. கையே எனக்கு நீளமாகப் பட்டது, 40க்குக் குறைத்தேன், பாவாடையின் விரிவும் கையின் தொங்கலும் ஒன்றையொன்று முட்டாமல் இருந்தன. ஒபியைச் சுற்றிக் கட்டுகிற வேலை வேண்டாம். பக்ரம் வைத்த அகலப் பட்டையாகத் தைத்து பின்னால் ஹூக் போடுங்கள், பூ முடிச்சைத் தனியாகச் செய்து அதன் மேல் மாட்டிவிடலாம். உட்கார்ந்தால் நசுங்கும்போது கழற்றியும் வைக்கலாம்.

ச்சி லோலிட்டாவில் பாவாடைப் பிரச்சினையே இல்லை. ச்சிபாவ் என்றதும் உடம்போடு ஒட்டி, தொடை வரை பிளந்த உடைதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஆனால் 1920களில் ஷாங்காயில் அது பரவியபோது தொளதொளவென்று நேராகத்தான் இருந்தது, டார்ட் வைத்து இறுக்கிப் பிடித்தது எல்லாம் பிற்பாடு வந்தது. ஆகவே ஒட்டிய பாவாடையை விட்டுவிட்டால் ச்சிபாவின் அடையாளம் போய்விடாது. அடையாளம் எல்லாம் இடுப்புக்கு மேலே இருக்கிறது: நிமிர்ந்த கழுத்துப் பட்டி, வலது அக்குள் நோக்கிச் சரியும் முன்திறப்பு, அதன் ஓரமெங்கும் மெல்லிய விளிம்புப் பட்டையான பைப்பிங், முடிச்சுப் பொத்தான். கீழே நீங்கள் எந்தப் பாவாடையை வைத்தாலும் பொருந்தும். ஆனால் அந்த மேல்பாதி இருக்கிறதே, அது கையை முறுக்கி வேலை வாங்கும்.

கழுத்துப் பட்டியில்தான் எல்லாம் தெரிந்துவிடும். உயரம் 4 செ.மீ. போதும், கழுத்து குட்டை என்றால் 3. பட்டியை நேர்ப் பட்டையாக வெட்டினால் கழுத்தை விட்டு விலகி நிற்கும்; முன்முனைகள் லேசாக மேலே எழும்படி வளைத்து வெட்ட வேண்டும். உள்ளே ஒட்டும் கேன்வாஸைத் தையல் விளிம்பு விடாமல் சரியான அளவுக்கு வெட்டுங்கள், விளிம்போடு சேர்த்து ஒட்டினால் முனையில் தடித்துப்போய் உருண்டை வளைவு கூராகிவிடும். பட்டியின் அடி நீளத்தையும் கழுத்தின் தையல் கோட்டையும் டேப்பை நிறுத்தி வைத்து அளந்து பாருங்கள். துணியின் வெட்டு விளிம்பை அளந்தால் கணக்கு தப்பும். தையல் ஓடும் கோடுதான் கணக்கு. எனக்கு அரை செ.மீ. வித்தியாசம் வந்து, இடது பக்கம் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்தது. அந்த உடையைப் போடும்போதெல்லாம் கை அங்கேயே போகிறது.

பைப்பிங்குக்குத் துணியைச் சாய்வாகப் பட்டையாக, அதாவது கிராஸ் பீஸாக, வெட்டும்போது பட்டும் சாட்டினும் நழுவிக்கொண்டே இருக்கும். சீனத் தையல்காரர்கள் வெட்டுவதற்கு முன்பே துணியின் பின்புறத்தில் பசை தடவிக் காயவைத்து விறைப்பாக்கிக்கொள்வார்கள். நம் வீட்டுக் கஞ்சியைக் கொஞ்சம் திக்காகக் காய்ச்சித் தடவினேன், காகிதம் போல வெட்ட வந்தது. தைத்து முடித்து ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் விறைப்பு போய்விடும், ஆனால் ஓரத் துண்டில் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்குங்கள், சில சாட்டின் தண்ணீர்க் கறை பிடிக்கும். முடிச்சுப் பொத்தானுக்கும் அதே கிராஸ் பீஸ்தான், அரை செ.மீ. கயிறாகத் தைத்து, விரலில் இரண்டு வளையம் போட்டு, முனைகளைக் குறுக்கே கோத்து, ஊசியால் ஒவ்வொரு மடிப்பாகத் தள்ளித் தள்ளி இறுக்க வேண்டும். ஒரே இழுப்பில் இறுக்கினால் கோணலாகிவிடும். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து எனக்குத் தேறியவை இரண்டு. இந்தக் கைவேலையின் மதிப்பு அங்கே எல்லோருக்கும் தெரியும். ஹாங்காங்கில் ச்சோங்சாம் என்று சொல்லும் ச்சிபாவைத் தைக்கும் கலையை 2021இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சரிந்த திறப்பை நிஜமாகத் திறக்கிற மாதிரி வைப்பதா, மேலே பைப்பிங்கும் பொத்தானும் மட்டும் வைத்துவிட்டு முதுகில் ஜிப் போடுவதா? முதல் உடையில் ஜிப் போடுங்கள், தப்பே இல்லை. பெட்டிகோட்டின் இழுப்பு இடுப்பில் விழும்போது நிஜத் திறப்பு பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கும், அதைத் தடுக்க உள்ளே அழுத்தப் பொத்தான் வரிசை ஒன்று வேண்டும். ஜரிகைப் பூ போட்ட புரோகேடு எடுத்தால் சுருக்கு வைக்காதீர்கள், இடுப்பில் கயிறு சுற்றியது போலத் தடித்துவிடும், பெட்டி மடிப்பு வையுங்கள். அந்தத் துணி தானாகவே நிற்கிற துணி என்பதால் பெட்டிகோட்டில் ஒரு அடுக்கு குறைத்தாலும் மணி வடிவம் கெடாது. விளிம்பு மட்டும் தொட்டாலே பிரியும், வெட்டிய அன்றே ஓவர்லாக் அடித்துவிட வேண்டும்.

ஹன்போக் விஷயம் வேறு. அதன் பாவாடையான ச்சிமா ஏற்கெனவே விரிந்த பாவாடைதான்! மார்பு உயரத்தில் ஒரு பட்டையில் சின்னச் சின்ன மடிப்பாகச் சேர்த்துக் கீழே பரந்து விழும். முன்னாளில் அந்தப் பட்டையை மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோளில் மாட்டும் கையில்லாத மேல்பகுதியைச் சேர்த்தார்கள். தோளில் மாட்டும் மேல்பகுதி, அதில் தைத்த விரிந்த பாவாடை, இதற்கு லோலிட்டாவில் பெயர் ஜம்பர் ஸ்கர்ட். மேலே போடும் ஜொகோரி என்ற குட்டைச் சட்டை ரவிக்கையின் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் மாற்ற வேண்டியது நீளமும் மடிப்பு தொடங்கும் உயரமும்தான்.

அந்த உயரம் மட்டும் கவனம். மார்பிலிருந்தே விரியும் பாவாடைக்குள் இடுப்பில் கட்டும் பெட்டிகோட்டைப் போட்டால் நடுவில் துணி தொங்கி, பிறகு திடீரென்று முட்டி நிற்கும். ஒன்று, மடிப்பை மார்புக்குக் கீழ் வரை இறக்கி, பெட்டிகோட்டையும் தோள்பட்டை வைத்து அதே உயரத்தில் தைக்கலாம். இல்லையென்றால் பாவாடையை இடுப்புக்கே கொண்டுவந்துவிட்டு ஜொகோரியைக் குட்டையாகவே விடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். மெல்லிய ஆர்கன்சாவில் தைத்தால் உள் விளிம்பெல்லாம் வெளியே தெரியும், அதனால் முதலில் வெளிப்பக்கம் ஒரு தையல், ஒட்ட நறுக்கி, திருப்பி இன்னொரு தையல் என்று விளிம்பை உள்ளே அடைத்துவிட வேண்டும். 11ஆம் நம்பர் ஊசிக்கு மேல் போகாதீர்கள். கழுத்தில் வரும் வெள்ளைப் பட்டையான தோங்ஜோங்கைக் கழற்றும்படியே வையுங்கள், அழுக்கு முதலில் சேர்வது அங்கேதான். முன்னால் தொங்கும் கொரும் நாடாக்களை லேஸ் வைத்து அலங்கரிக்கிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. அந்தத் தட்டையான நாடா ஒற்றைக் காதாக மடிந்து விழுவதில்தான் ஹன்போக்கே இருக்கிறது.

ஹன்ஃபுவில் மாமியான் பாவாடையை முயன்று பார்த்தேன். முன்னும் பின்னும் தட்டையான பலகை போன்ற பகுதி, பக்கங்களில் மடிப்பு. பெட்டிகோட் ஏறியதும் தட்டைப் பகுதி முட்டிக்கொண்டு வளைகிறது, அதில் நெய்த வேலைப்பாடு கோணிப் போகிறது. ஏ எழுத்து வடிவத்தில், பெட்டிகோட் குறைத்து வேண்டுமானால் பார்க்கலாம்.

கிமோனோ, ஹன்போக், ஹன்ஃபு மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: முன்பக்கம் இடது மடிப்புதான் வலதின் மேல் வர வேண்டும், ஆண் பெண் எல்லோருக்கும். ஜப்பானில் வலது மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. நாம் பெண்களின் சட்டைக்கு வலது மேலே வைத்தே பழகியிருக்கிறோம், அதனால் கை தன்னாலே அப்படி வெட்டிவிடும். நான் வெட்டியும்விட்டேன். துணியை உடம்பில் வைத்துப் பாருங்கள், உங்கள் வலது கை மார்புக்குள் தடையில்லாமல் நுழைந்தால் சரி.

என் கணக்கில் நேரம்: ஹன்போக் பாணிக்கு சுமார் 25 மணி நேரம், ச்சிக்கு 50, வாவுக்கு 40, அதில் கிமோனோவைப் பிரித்துக் கழுவியதைச் சேர்க்கவில்லை. முதல் தையல் என்றால் தயங்காமல் ஹன்போக். கழுத்துப் பட்டியும் பைப்பிங்கும் ஒரு முறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் எந்த உடைக்கும் உதவும் என்று நினைப்பவர்கள் ச்சிக்குப் போகலாம். வா லோலிட்டாவை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வையுங்கள். நான் இப்போது மறுபடி அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை நீலத்தில் வெள்ளை அசனோஹா (சணல் இலை வடிவம்) போட்ட யுகாதாப் பருத்தி, இரண்டு முறை நனைத்துக் காயவைத்தது. ஆறு துண்டு முடிந்தது, இன்னும் இரண்டு பாக்கி.