குறைந்த பட்ஜெட்டில் ஹோம் தியேட்டர்: வருடக்கணக்கில் ஓடிய பிறகும் குறை தெரியாத தேர்வுகள்

பட்ஜெட் கையைக் கடிக்கிறதென்றால், சுமாரான ஐந்து ஸ்பீக்கரும் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் சின்னதாக ஒன்றும் வாங்குவதைவிட, நல்ல மூன்று ஸ்பீக்கரும் உருப்படியான ஒரு சப்வூஃபரும் வாங்குங்கள். அதாவது 3.1: இடம், வலம், நடுவே சென்டர், கூட ஒரு சப்வூஃபர். பின்பக்க ஸ்பீக்கர்களை அடுத்த வருடம்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் படம் ஓடும் வீட்டில் நாளாக ஆக எரிச்சலூட்டுபவை இரண்டு: வசனம் புரியாமல் சவுண்டைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பது, பேஸ் ஒரே இடத்தில் கும்மென்று நிற்பது. பின்னால் சத்தம் வரவில்லை என்ற குறை இவற்றுக்கு அப்புறம்தான்.

எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட்டை எடுக்காமல் இருப்பதே நல்லது. பல செட்களில் சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் இருக்காது, வயர் முனையும் அந்த கம்பெனிக்கே உரியதாக இருக்கும். மெயின் யூனிட் போனால் மற்றதெல்லாம் அதோடு மூலைக்குப் போகும். தனி ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), சாதாரண ஸ்பீக்கர் டெர்மினல், பவர் இணைப்புள்ள சப்வூஃபர் என்று போனால், பழுதானதை மட்டும் மாற்றலாம்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்த பி.எம்.பி.ஓ. (கணநேர உச்சம்) வாட்டுக்கு மதிப்பே இல்லை. ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 84 டெசிபெல் ஸ்பீக்கர் 200 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் 50 வாட்டிலேயே தந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பவர் இரட்டிப்பாக வேண்டும். விலை குறைந்த ரிசீவருக்கு இது பெரிய விஷயம். 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தமாக ஓட்டினால் அது சூடேறி ப்ரொடெக்‌ஷனில் நின்றுவிடும். 8 ஓம் என்றால் நிம்மதி. ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) எரிவதும் பல நேரம் பெரிய ஆம்ப்ளிஃபயரால் அல்ல, சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகிக் கிளிப்பிங் ஆக (ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட) விட்டதால்தான்.

சென்டர் ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம். முன் ஸ்பீக்கர்களின் அதே மாடலில் மூன்றாவது ஒன்றை நிமிர்த்தி வைக்க இடமிருந்தால் அதற்கு ஈடில்லை. படுக்கை வாக்கில் இரண்டு வூஃபர் (கீழ் ஒலிக்கான பெரிய கோன்), நடுவில் ட்வீட்டர் உள்ள வகையில் ஓரமாக உட்காருபவருக்குக் குரல் மெலியும். இரு வூஃபரின் ஒலியும் அவர் காதுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதே காரணம். டிவி ஸ்டாண்டின் முன் விளிம்போடு ஒட்டி வைத்து, காதை நோக்கிச் சற்றுச் சாய்த்தாலே வசனம் தெளிவாகும். இன்னும் போதவில்லையென்றால் ரிசீவரில் சென்டரை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள்.

இனி சப்வூஃபர். பணத்தில் பெரிய பங்கு போக வேண்டிய இடம் இது. அதே சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, உதாரணமாக 40 ஹெர்ட்ஸுக்குப் பதில் 20 ஹெர்ட்ஸில் தர, நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 8 இஞ்ச் வூஃபர் அங்கே திணறும். கதவடைத்த சிறிய அறைக்கு 10 இஞ்ச், சாப்பாட்டு அறையோடு திறந்து கிடக்கும் ஹாலுக்கு 12 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் (காற்றுத் துளை) உள்ள பெட்டி அதே விலையில் அதிக சத்தம் தரும், படத்துக்கு அதுவே லாபம். ஆனால் போர்ட் ட்யூன் செய்யப்பட்ட அலைவரிசைக்குக் கீழே சத்தம் சட்டென்று விழும், மிஞ்சி ஓட்டினால் போர்ட்டில் காற்று புஸ்ஸென்று கேட்கும். சீல்டு (துளையில்லாத) பெட்டியில் சத்தம் மெதுவாக இறங்கும், சிறிதாகவும் இருக்கும். ‘20 ஹெர்ட்ஸ் வரை’ என்பதன் பக்கத்தில் ±3 டெசிபெல் (சத்தம் அந்த அளவுக்குள்ளேயே ஏறி இறங்கும்) என்று இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

எவ்வளவு நல்ல சப்வூஃபரையும் அறை கெடுத்துவிடும். 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒத்ததிரும், 5 மீட்டர் என்றால் 34. நீளத்தின் சரிபாதியில் சோபா இருந்தால் அந்த அலைவரிசை அங்கே காணாமலே போகும். ஈக்வலைசரில் ஏற்றினாலும் வராது, ஆம்ப்ளிஃபயர்தான் தவிக்கும். சோபாவை அரை மீட்டர் நகர்த்திப் பாருங்கள். சப்வூஃபருக்கு இடம் பார்க்க, அதையே உட்காரும் இடத்தில் வைத்து 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை டோன் ஓட்டி, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எல்லா டோனும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கேட்கும் இடமே அதற்கான இடம். மூலையில் சத்தம் கூடும், கூடவே கும்மலும். பிறகு பணம் சேர்ந்தால், பெரியதாக ஒன்றுக்கு மாறாமல் அதே மாடலில் இரண்டாவதை எதிர்ச்சுவரின் நடுவில் வையுங்கள். எல்லா இருக்கையிலும் பேஸ் சீராகும்.

ரிசீவர் செட்டிங்: எல்லா ஸ்பீக்கரும் ‘ஸ்மால்’ (பேஸ் சப்வூஃபருக்குப் போகும்), கிராஸ்ஓவர் (ஒலி ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் பிரியும் எல்லை) 80 ஹெர்ட்ஸ், எல்.எஃப்.இ. (படத்தின் தனி பேஸ் சேனல்) லோபாஸ் 120. சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை உச்சத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ஃபில்டர் மேலுக்கு மேல் விழுந்து நடுவில் ஓட்டை வரும். 80 ஹெர்ட்ஸ் டோன் ஓட்டி, ஃபேஸ் சுவிட்சை 0, 180 என மாற்றி, இருக்கையில் சத்தம் கூடும் பக்கத்தில் விடுங்கள். 3 இஞ்ச் குட்டி ஸ்பீக்கர்களுக்கு கிராஸ்ஓவரை 120, 150 வரை ஏற்ற வேண்டிவரும். அப்போது ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து வருவது தெரியும். அதனால்தான் 5 இஞ்சுக்குக் குறைந்த வூஃபர் வேண்டாம்.

ரிசீவரின் ஆட்டோ கேலிபரேஷன் (அறைக்கேற்பத் தானே அளந்து சரிசெய்வது) மைக்கைக் காது உயரத்தில் ட்ரைபாடில் வையுங்கள், சோபா முதுகில் சாய்க்காதீர்கள். முடிந்ததும் ‘லார்ஜ்’ என்று மாற்றியிருந்தால் திரும்ப ‘ஸ்மால்’ ஆக்குங்கள். சப்வூஃபர் தூரத்தை டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிட்டிருக்கிறது. சப்வூஃபர் லெவல் மைனஸ் 12-ல் போய் முட்டி நின்றால், அதன் கெய்னை (பின்னால் உள்ள வால்யூம் திருகு) குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

வயர் 10 மீட்டர் வரை 16 கேஜ், அதற்கு மேல் 14. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு, ஆனால் மின்தடை கூடுதல், முனையும் சீக்கிரம் முறியும். சுத்தச் செம்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பல வருட ஓட்டத்தில் முதலில் போவது ஃபோம் சரவுண்டு (கோனைச் சுற்றியுள்ள வளையம்). ஈரப்பதத்தில் உதிர்ந்து, கோனின் ஓரம் கிழியும். ரப்பர் சரவுண்டு பலமடங்கு நிற்கும். அடுத்தது சப்வூஃபரின் ஆம்ப்ளிஃபயர் போர்டு. எப்போதும் சூட்டிலேயே இருந்து அதன் கெபாசிட்டர்கள் உப்பிவிடும், எனவே பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் இருக்கட்டும். ஹம் வந்தால் சிக்னல் கேபிளைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் பெரும்பாலும் கிரவுண்டு லூப் (கருவிகளின் எர்த் வழியே சுழலும் மின்னோட்டம்). ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் பாயிண்டில் போட்டால் பல வீடுகளில் சரியாகும். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

பழையது வாங்குவதானால், நான்கு விரலால் கோனைச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) கெட்டுவிட்டது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஓசையில்லாமல் போய்த் திரும்பினால், 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வர வேண்டும். உள்ளே போனால், யாரோ திறந்து வயரை மாற்றி மாட்டியிருக்கக்கூடும்.