தண்டையார்பேட்டை வீட்டில் மெஷ் வைஃபை: அந்தப் பச்சை விளக்கை நம்பாதீர்கள்

மொட்டைமாடி அறைக்குப் போகும் நெட்வொர்க் கேபிளின் முனையை வெட்டி எறிந்துவிட்டு, புது ஆர்ஜே45 (கேபிள் முனையில் வரும் சின்ன பிளாஸ்டிக் பிளக்) போட்டு அழுத்திக் கிரிம்ப் செய்த பிறகுதான் எங்கள் வீட்டு மெஷ் வைஃபை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. அந்த வேலை முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். வாங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆஃபரில் இப்போது விலையும் நன்றாகவே இறங்கியிருப்பதால், தெரிந்தவர்கள் ஆளாளுக்கு "வாங்கலாமா" என்று கேட்கிறார்கள். மெஷ் என்றால் பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையைப் பரப்புவது. எங்களுடையது மூன்று பெட்டி, வைஃபை 6, இரண்டு பேண்ட் (அலைவரிசை). மற்ற விவரமெல்லாம் அட்டைப்பெட்டி மேலேயே அச்சடித்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். கம்பெனி பெயரையும் சொல்லப்போவதில்லை.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷ் வாங்குகிறவர்கள் பெட்டியைப் பற்றி மணிக்கணக்கில் படிக்கிறார்கள், வீட்டுச் சுவரை ஒரு நிமிடம் பார்ப்பதில்லை. எங்களுடையது சென்னை தண்டையார்பேட்டையில் நெருக்கமான தெருவில் இருக்கும் பழைய வீடு. முகப்பு அகலம் குறைவு, உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். கீழ்த்தளம் தாத்தா காலத்தது. ஒரு அடிக்கு மேல் தடிமனான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. மேலே மெட்ராஸ் டெரஸ்: மர உத்திரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்துக் கெட்டித்த தளம். முதல் மாடி அப்பா கட்டியது, கம்பி கட்டிய கான்கிரீட். அதற்கும் மேலே மொட்டைமாடியில் மகள் படிப்பதற்காக ஒரு அறை. ஃபைபர் கம்பத்திலிருந்து இறங்கி வாசல் ஹாலிலேயே நின்றுவிடும். மாட்ட வருகிறவர்கள் கதவுக்குப் பக்கத்தில்தான் மோடத்தை வைத்துவிட்டுப் போவார்கள், பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். ஆக, வீட்டின் ஒரு கோடியில் நெட், மறுகோடியில் அம்மா. "டேய், படம் சுத்திக்கினே இருக்குடா" என்று பின்கட்டிலிருந்து அவர் குரல் கொடுக்காத சாயங்காலம் கிடையாது.

வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை. 2.4 சுவரைத் தாண்டி ஓரளவு போகும், ஆனால் அதில் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். எங்கள் தெருவில் போனைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களே ஒரு திரை நிறைய வரும். எல்லாரும் அந்த மூன்று சேனலுக்குள்தான் முட்டிக்கொள்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடமும் உண்டு, வேகமும் உண்டு. ஆனால் தடிச்சுவர் என்றால் அதற்கு ஆகாது. சுவர் போதாதென்று பீரோ வேறு. நம் வீடுகளில் அறைக்கு ஒரு ஸ்டீல் பீரோ இருக்கிறதே, அதற்குப் பின்னால் பெட்டியை வைத்தால் சிக்னல் செத்துவிடும். நடுக்கட்டில் பீரோவின் மறைவில் வைத்தபோது போனில் சிக்னல் பலம் மைனஸ் 77 டிபிஎம் என்று காட்டியது, அதே அறையில் பரண் விளிம்புக்கு மாற்றியதும் மைனஸ் 61. இந்தக் கணக்கில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது, 10 கூடினாலே சக்தி பத்து மடங்கு. மொட்டைமாடியில் தண்ணீர் நிறைந்த சின்டெக்ஸ் டேங்கும் அப்படித்தான், அலையை நன்றாகவே குடித்துவிடும். பெட்டி எங்கே உட்கார்கிறது என்பதை எது அழகாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒயர் இல்லாமல், விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, சும்மா பிளக்கில் செருகித்தான் முதலில் ஓட்டினோம். 200 எம்பிபிஎஸ் பிளான். வாசல் ஹாலில் முழு வேகம், நடுக்கட்டில் அதில் பாதிக்கும் கீழே, மொட்டைமாடி அறையில் முப்பது, நாற்பது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டு பேண்ட் மெஷ்ஷில் ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் போனோடும் பேச வேண்டும், அடுத்த பெட்டியோடும் பேச வேண்டும். ஒரு பக்கம் வந்த டேட்டாவை மறுபக்கம் அனுப்பவும் அதே ரேடியோ என்பதால், பெட்டி விட்டுப் பெட்டி போகும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மூன்று பேண்ட் மாடல்களில் பெட்டிகளுக்குள் பேசிக்கொள்ள தனி ரேடியோ உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் அந்த ரேடியோவும் அதே சுவரைத்தான் தாண்டியாக வேண்டும்.

அதனால் ஒயர் இழுத்தோம். சுவரை உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை, அது சரியும்கூட. மழைநீர்க் குழாயை ஒட்டி வெளியே ஏற்றி, வென்டிலேட்டர் வழியாக உள்ளே எடுத்தார் எலெக்ட்ரீஷியன். கேபிள் ரிச்சி தெருவில் வாங்கினேன். இங்கே ஒரு விஷயம் முக்கியம். கேட்6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தர வகை) என்று அச்சடித்தே இரண்டு ரகம் விற்கிறார்கள்: சுத்தமான செம்பு ஒன்று, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது இன்னொன்று. பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். பிளேடால் ஒரு நூலை மெல்லச் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வளைத்து வளைத்து இழுத்தால் அது ஒடியும், விலை பாதி என்றாலும் வேண்டாம். வெயிலில் போகிற பகுதிக்கு அவுட்டோர் உறை போட்ட கேபிள் வேண்டும். மெஷ் பெட்டியின் போர்ட் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்றும் பார்த்து வாங்குங்கள். சில மலிவு மாடல்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் இருக்கும், அதில் ஒயர் போட்டால் அந்த நூறோடு சரி. அப்புறம், ஃபைபர் மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டு, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது வைஃபை கொடுக்கிற வேலையை மட்டும் பார்க்கிற மாதிரி, வையுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஒயர் ஏறிய பிறகு இந்தச் சாதனம் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நான் துறைமுகம் பக்கம் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை பார்க்கிறேன். கப்பல் வருகிற நேரத்துக்கு ராத்திரி, பகல் கிடையாது. இறக்குமதிச் சரக்குக்கான பில் ஆஃப் என்ட்ரி படிவத்தை ஃபைல் பண்ண வீட்டிலிருந்தே உட்கார வேண்டிவரும். பார்ட்டியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே வாசல் ஹாலிலிருந்து எழுந்து, நடுக்கட்டைத் தாண்டி, படியேறி மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு சொல் அறுபடாது. போன் ஒரு பெட்டியை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறியது என்றே தெரியாது. 802.11 கே, வி, ஆர் என்று மூன்று ஏற்பாடுகள் இதற்குப் பின்னால் இருக்கின்றன. அக்கம்பக்கத்தில் எந்தப் பெட்டிகள் இருக்கின்றன என்று போனுக்குச் சொல்வது ஒன்று, "நீ அங்கே போனால் நல்லது" என்று யோசனை சொல்வது இன்னொன்று, கடவுச்சொல் சரிபார்ப்பைச் சட்டென முடித்துக்கொடுப்பது மூன்றாவது. இது சரியாக வேலை செய்கிற வீட்டில் இருந்து பாருங்கள், வேறு எதற்கும் மனசு போகாது. அம்மாவும் பின்கட்டிலிருந்து கூப்பிடுவதில்லை. தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டே கீரை ஆய்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு இதன் மேல் கோபம் இருக்கிறது. காரணம் அந்த விளக்கு.

எங்கள் பக்கம் கரண்ட் நீண்ட நேரம் போவது குறைந்துவிட்டது, ஆனால் போய்ப் போய் உடனே வரும். அப்படி வரும்போது மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் எழுந்துகொள்ளும். மோடத்தோடு நேரடியாக இணைந்த தலைமைப் பெட்டி அதற்காகக் காத்திருக்கும், மோடமே எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மாடிப் பெட்டி ஒயர் வழியாகத் தேடிப் பார்க்கும், தலைமைப் பெட்டி இன்னும் பதில் சொல்லாததால் ஒயரை விட்டுவிடும், கொஞ்ச நேரத்தில் காற்று வழியாகப் பிடித்துக்கொள்ளும். ஒயர் செருகியபடியே இருக்கிறது, எல்லாம் எழுந்தாயிற்று, ஆனால் அது ஒயருக்குத் திரும்ப வராது. விளக்கு மட்டும் பச்சை. ஒயரில் 190 ஓடும்போதும் பச்சை, காற்றில் 30 ஓடும்போதும் அதே பச்சை. மகளுக்கு ஆன்லைன் தேர்வு நடந்துகொண்டிருக்கும், திரை உறையும், ஓடிப்போய் பார்த்தால் அது அமைதியாகப் பச்சையில் நிற்கும். ஆப்பைத் திறந்து, அந்தப் பெட்டியைத் தொட்டு, உள்ளே இணைப்பு வகை என்ற வரிக்குப் போனால்தான் உண்மை தெரியும். வீட்டில் ஆப் இருக்கிற ஒரே ஆள் நான், நான் துறைமுகத்தில் இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் முதல் கேள்வியே "லைட் என்ன கலர் சார்?" பச்சை என்றால், "அப்போ கனெக்ஷன் நல்லாத்தான் இருக்கு சார்." ஒயருக்கு ஒரு நிறம், காற்றுக்கு ஒரு நிறம் கொடுக்க என்ன கஷ்டம்? பல நிறம் காட்டுகிற எல்இடி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

இதே விளக்குதான் கேபிள் கெட்டதையும் மறைத்தது. காசிமேடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். கடல் காற்றில் உப்பு, ஈரம், ஜன்னல் கம்பி முதல் ஸ்விட்ச் போர்டு திருகு வரை எல்லாம் துரு ஏறும். வென்டிலேட்டர் பக்கத்தில் இருந்த ஆர்ஜே45 முனையில், எட்டுத் தகடுகளில் இரண்டின் மேல் பச்சைப் பூச்சாகக் களிம்பு ஏறியிருந்தது. தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. கிகாபிட் ஓட நான்கு ஜோடி நூலும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். அதனால் தொடர்பு முழுசாக அறுந்துபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட்டில் திரும்பத் திரும்ப 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள், பெட்டியைத் திட்டாதீர்கள். இப்போது முனையை வென்டிலேட்டரிலிருந்து தள்ளி அறைக்குள் கொண்டுவந்து, முலாம் தடிமனான நல்ல கனெக்டர் போட்டிருக்கிறோம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இதை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டிய வேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் பிரச்சினைக்கு வழி உண்டு. மோடத்துக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று மினி யுபிஎஸ் (சின்ன பேட்டரி பேக்கப்) வைத்தால் எதுவும் அணையாது, தேடுகிற வேலையே வராது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் 2 ஆம்பியர் கேட்கிற பெட்டிக்கு 1 ஆம்பியர் யுபிஎஸ் கொடுத்தால் அது வேலை கூடுகிற நேரத்தில் அணைந்து அணைந்து எரியும். மோடத்துக்கும் தலைமைப் பெட்டிக்கும் மட்டும் வைத்தால்கூட பாதிக்கு மேல் தொல்லை தீரும், ஏனென்றால் மாடிப் பெட்டி எழும்போது பதில் சொல்ல ஆள் இருக்கும். ஆனால் இந்தச் செலவை மெஷ் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கேபிள், கூலி, யுபிஎஸ் எல்லாம் சேர்ந்தால் ஆஃபர் விலை என்பது பாதிக் கதைதான்.

சித்தி பையன் மாதவரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். "அண்ணா, ஆஃபர் முடியறதுக்குள்ள இதையே போட்டுடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொன்னேன். சுவர் பூசுவதற்கு முன்னால், கரண்ட் ஒயர் போகிற பைப்போடு சேர்க்காமல், நெட்டுக்கென்று தனியாக ஒரு பிவிசி பைப் ஒவ்வொரு தளத்துக்கும் விட்டு, செம்பு கேபிளை இழுத்துவிடு. ஒவ்வொரு முனையிலும் சாதாரண ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாகப் போடு, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நடந்துகொண்டே பேசும்போது மாறும் இடத்தில் ஒரு நொடி தடுமாறும், சில போன் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும். எனக்கு இங்கே கிடைக்கிற அந்த மொட்டைமாடி சுகம் அவனுக்குக் கிடைக்காது, அது நிஜமான நஷ்டம்தான். ஆனால் அந்த ரூட்டருக்கு ஒயரை விட்டால் வேறு வழி தெரியாது. ஒயர் போனால் நெட் போகும், உடனே தெரியும், அன்றைக்கே சரி செய்யலாம்.

பழைய வீட்டில் இருப்பவர்கள், ஒயர் இழுக்கவே வழியில்லாதவர்கள் ஏதாவது ஒரு மெஷ் வாங்கித்தான் ஆக வேண்டும், எங்கள் வீட்டிலும் இதைக் கழற்றப்போவதில்லை. ஆனாலும் இன்றைக்கு என்னைக் கேட்டால், இன்னும் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் இந்த செட்டை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். விளக்கின் நிறத்தை மாற்றுகிற அப்டேட் ஒன்று வரட்டும், அப்போது மறுபடி எழுதுகிறேன்.