எதைத் துடைப்பது எளிது? அடுக்களைத் தேர்வுகள் ஓர் ஒப்பீடு

அடுக்களை அமைக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும்தான். ஆனால் மேடைக்கான கல்லை ஒருமுறைதான் தேர்ந்தெடுக்கிறோம். அதைத் துடைப்பதோ நாள்தோறும் பலமுறை. எனவே இங்கே ஒவ்வொரு தேர்வையும் இரண்டு கேள்விகளை வைத்தே எடைபோடுகிறேன்: வேலை செய்பவரின் நடையையும் குனிதலையும் அது எவ்வளவு குறைக்கிறது? அழுக்கு போய்த் தங்குவதற்கு எத்தனை இணைப்புகளையும் மூலைகளையும் அது விட்டுவைக்கிறது?

அமைப்பிலிருந்து தொடங்கலாம். எதிரெதிரே இரண்டு மேடைகள் கொண்ட இணை அமைப்பு, ‘ட’ வடிவம், ‘ப’ வடிவம் ஆகிய மூன்றுக்கும் இடையில்தான் பெரும்பாலும் போட்டி. இணை அமைப்புக்கு வலுவான சாட்சி, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் அடுக்களை. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்ட அந்த அறையில் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் தொட்டியும் அலமாரிகளும், கடைக்கோடியில் சன்னலுக்குக் கீழே வேலை மேசை. நறுக்கிய கழிவை மேசையிலிருந்தபடியே வழித்துத் தள்ளுவதற்கு, வெளியே எடுத்துக் கழுவக்கூடிய சிறு இழுப்பறை ஒன்றையும் அவர் அங்கே பொருத்தியிருந்தார். கழிவைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கும் தேவை இல்லாவிட்டால் தரையில் சிந்தவும் வழியில்லை. ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 10,000 வீடுகளில் இந்த அடுக்களை அமைக்கப்பட்டது.

இணை அமைப்பில் முட்டுமூலை என்பதே இல்லை. ‘ட’ வடிவத்தில் ஒன்றும் ‘ப’ வடிவத்தில் இரண்டும் உண்டு. மேடைக்குக் கீழே அந்த மூலைகளில் போன பொருள் வெளியே வருவதும் அரிது, துணி அங்கே எட்டுவதும் அரிது. சுழல் தட்டுகளைப் பொருத்தி அம்மூலையை மீட்கலாம் என்பார்கள். தட்டு சுழலும், ஆனால் அதன் அடியில் விழுந்தது அங்கேயேதான் கிடக்கும். அடுப்பு, தொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி, 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த வீட்டமைப்பு ஆய்வுகளிலிருந்து பரவியது. இணை அமைப்பு இதை எளிதில் நிறைவேற்றிவிடும். ஆனால் அறையின் இரு முனைகளிலும் வாசல் இருந்து, வீட்டார் அதன் வழியே போய்வருவார்களானால் இந்த அமைப்பின் நன்மை பெரிதும் போய்விடும். அப்போது ‘ட’ வடிவமே மேல். இரண்டு மேடைகளுக்கும் இடைப்பட்ட வழி, ஒருவர் சமைக்கும் வீட்டில் ஏறத்தாழ 1.05 மீட்டரும் இருவர் சேர்ந்து சமைக்கும் வீட்டில் 1.2 மீட்டரும் இருந்தால் இடிபட வேண்டியதில்லை. ‘ப’ வடிவம் பெரிய அறைக்குத்தான் பொருந்தும். மேடையின் உயரத்தை மட்டும் யாரோ வகுத்த பொது அளவுக்கு விட்டுவிடக் கூடாது. நின்றபடி முழங்கையை மடக்கி, அதிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே அமைத்தால் முதுகுக்கு இதமாக இருக்கும்.

மேடைப் பரப்பைப் பற்றித்தான் வாதங்கள் மிகுதி. விற்பவர்களின் பேச்சும் இங்கேதான் மிகுதி. கிரானைட் சூட்டையும் கீறலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் நுண்துளைகள் உண்டு. கல்லின் மேல் சிறிது நீரை விட்டு கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், அந்த இடம் கருத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சுகிறது, அதாவது அடைப்புப் பூச்சை மறுபடியும் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். பளிங்கு அழகில் இதை மிஞ்சும். ஆயினும் அது சுண்ணாம்பு இனத்துக் கல் என்பதால் புளிப்பான எதுவும் பட்ட இடத்தில் மெருகு அரித்துப்போகும், அந்தத் தடம் துடைத்தால் போவதில்லை. சமைக்கும் இடத்துக்குப் பளிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது, பொடித்த படிகக் கல்லைப் பெரும்பங்காகக் கொண்டு பிசினால் இறுக்கிய பலகை. நுண்துளை அநேகமாக இல்லாததால் பூச்சு தேவையில்லை, கறை எளிதில் பிடிப்பதில்லை. துடைப்பதை மட்டும் கணக்கில் கொண்டால் கிரானைட்டை அது வென்றுவிடும். அதன் பலவீனம் பிசினில் இருக்கிறது: ஏறத்தாழ 150 டிகிரி செல்சியசைத் தாண்டிய பாத்திரத்தை நேராக வைத்தால் நிறம் மாறவும் விரிசல் விடவும் கூடும். பேசப்படாத இன்னொரு விலையும் உண்டு. இந்தப் பலகையை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் சிலிக்காத் தூசி தொழிலாளரின் நுரையீரலைப் பாதிப்பதால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா இதைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடைசெய்தது. பொருத்தி முடிந்த மேடையால் வீட்டாருக்குத் தீங்கில்லை என்றாலும், வெட்டியவரை மறந்துவிட்டு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எவர்சில்வர் மேடை ஓசை எழுப்பும், கீறல் விழும், விரல் தடம் காட்டும். அதனால் வீடுகளில் அது அவ்வளவாக விரும்பப்படுவதில்லை. ஆனால் உணவகங்களின் அடுக்களைகளில் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தொட்டியையும் மேடையையும் பின்புறத் தடுப்பையும் ஒரே தகடாகப் பற்றவைத்துவிட முடியும். இணைப்பே இல்லாதபோது அழுக்கு சேர இடமேது? ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம் கொண்ட வகையில் மேற்பரப்பின் காப்பு ஏடு கீறல் பட்டாலும் தானே மீண்டும் உருவாகும். உப்புநீரும் பிளீச்சிங் திரவமும் நெடுநேரம் தேங்கினால் மட்டும் புள்ளி புள்ளியாக அரிக்கும். லாமினேட் ஒட்டிய மரத்தூள் பலகை செலவில் எளியது. அதன் எதிரி விளிம்பு. தொட்டி வெட்டிய ஓரத்தில் நீர் ஒருமுறை புகுந்துவிட்டால் பலகை உப்பிவிடும், அதை மறுபடி அமுக்க இயலாது. என் தீர்ப்பு: அடுப்பின் பக்கம் கிரானைட், தொட்டியின் பக்கம் எவர்சில்வர். ஒரே பொருள்தான் வேண்டும் என்பவர்கள் கருநிறக் கிரானைட்டை எடுத்துக்கொள்ளலாம். இணைப்புக் கோடு தொட்டிக்கு அருகில் வராதபடி பலகையை வெட்டச் சொல்ல வேண்டும்.

மேடைக்கு மேலே விளிம்பு படிந்திருக்கும் தொட்டியைவிட மேடைக்குக் கீழே பொருத்தப்பட்ட தொட்டி சிறந்தது; மேடையில் சிந்தியதை ஒரே வீச்சில் உள்ளே வழித்துவிடலாம். மேல் விளிம்புள்ள தொட்டியின் ஓரத்தில் ஒரு பல்குத்தும் குச்சியை ஓட்டிப் பார்த்தால் கரிய பிசுக்கு திரண்டு வருவதைக் காணலாம். துணி எத்தனை முறை போனாலும் அந்த இடத்தைத் தொடுவதில்லை. சுவரில் சிறு ஓடுகளைவிடப் பெரிய ஓடுகள் நல்லவை, ஏனெனில் இடைக்கோடுகள் குறையும். அந்தக் கோடுகளைச் சிமெண்டால் நிரப்பினால் எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பேறும்; எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினால் நிரப்பினால் செலவும் பொருத்தும் சிரமமும் கூடினாலும் கறை ஊறாது. அடுப்புக்குப் பின்புறச் சுவருக்கு மட்டுமாவது எபாக்ஸியே தகும்.

மேடைக்குக் கீழே கதவிட்ட தட்டுகளா, இழுப்பறைகளா என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பொதுவாக 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டில் பின்வரிசைப் பொருளை எடுக்க, குனிந்து முன்வரிசையைக் கலைக்க வேண்டும். முழுவதும் வெளியே வரும் இழுப்பறையில் எல்லாமே மேலிருந்து கண்ணுக்குத் தெரிவதால், சிந்தியதும் காலாவதியானதும் மறைந்து கிடக்க முடியாது. தண்டவாளங்களுக்கு ஆகும் கூடுதல் செலவை மேல் அலமாரிகளைக் குறைத்து ஈடுகட்டலாம். மேலே திறந்த தட்டுகள் படத்தில் நன்றாகத்தான் தெரிகின்றன; சமைக்கும்போது எழும் எண்ணெய்த் துளிகளோடு தூசி கலந்து, அங்கே வைத்த ஒவ்வொரு கோப்பையின் மேலும் பசைபோல் படியும். தினமும் எடுத்துக் கழுவும் பொருள்களுக்கு மட்டுமே அவை பொருந்தும். மூடிய அலமாரியையும் கூரைவரை உயர்த்திவிட வேண்டும். இடையில் ஒரு முழம் விட்டால் அந்த மேற்பரப்பு பிசுக்கின் சேமிப்புக் கிடங்காகிவிடும்.

எரிவாயு அடுப்பா, இண்டக்‌ஷன் அடுப்பா என்பதில் தூய்மை இண்டக்‌ஷன் பக்கமே சாய்கிறது: சமமான கண்ணாடிப் பரப்பு, கழற்ற வேண்டிய உறுப்புகள் இல்லை, பாத்திரம்தான் சூடாகிறது என்பதால் பொங்கி வழிந்தது கருகி ஒட்டுவதும் குறைவு. காந்தம் ஒட்டும் பாத்திரங்கள் மட்டுமே அதில் பயன்படும், மின்சாரம் நின்றால் சமையலும் நிற்கும் என்பவை அதன் குறைகள். புகையை வெளியேற்றும் சிம்னியில் குழாய் வழியே வெளிக்காற்றுக்கு அனுப்பும் வகையே சிறந்தது. கரி வடிகட்டியால் காற்றைச் சுழற்றித் திருப்பிவிடும் வகை, வாடையைக் குறைத்தாலும் ஈரத்தை அறைக்குள்ளேயே விட்டுவிடும்.

துப்புரவுப் பொருள்களில் கிருமிநாசினியைச் சோப்புக்கு மாற்றாகக் கருதுவது பரவலான தவறு. பிசுக்கு படிந்த பரப்பில் கிருமிநாசினி சரியாக வேலை செய்யாது. முதலில் சோப்பு நீர், பச்சை இறைச்சி பட்ட இடமானால் அதன்பின் கிருமிநாசினி, அதையும் புட்டியில் குறித்துள்ள நேரம்வரை ஈரமாக விட்டுவைக்க வேண்டும். உப்புக்கறைக்கு வினிகர் நல்லது, ஆனால் பளிங்கில் கூடாது. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரைச் சேர்த்தால் குளோரின் வாயுவும், அமோனியா கலந்த திரவத்தைச் சேர்த்தால் குளோரமின் வாயுவும் எழும். இரண்டும் மூச்சைத் தாக்குபவை. துடைப்பதற்குத் தடித்த ஸ்பாஞ்சைவிட மெல்லிய துணி மேல். ஸ்பாஞ்சின் உட்பகுதி அடுத்த வேளைவரை ஈரமாகவே இருந்து நுண்ணுயிர்களை வளர்க்கும். துணியைப் பிழிந்து விரித்துப் போட்டால் விரைவில் உலர்ந்துவிடும். மேடைக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என வெவ்வேறு நிறங்களில் வைத்துக்கொண்டு, மேடைத் துணியை நாள்தோறும் மாற்றி வெந்நீரில் துவைப்பது போதுமானது.