பிரெஞ்சுப் புரட்சி சுவர்ப்படம்: வாங்கலாம், ஆனால் ஒட்டுவேலை பாக்கி இருக்கிறது

ராமநாதபுரம் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் பள்ளிகளுக்கென்று விற்கும் லேமினேஷன் படம் இது. மேலே குருமார், பிரபுக்கள், பொதுஜனம் என்ற மூன்று வர்க்கங்கள், நடுவில் உப்பு வரி வரைபடம், அடியில் காலக்கோடு.

நடுப்பகுதிக்காகவே வாங்கலாம். பிரான்சில் 'காபெல்' என்ற உப்பு வரி ஊருக்கு ஊர் வேறு. பாரிஸைச் சுற்றிய மாகாணங்களில், எட்டு வயது தாண்டியவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு உப்பை வாங்கியே தீர வேண்டும். பிரான்சின் கடலோர மாகாணமான பிரிட்டானிக்கு அந்த வரி கிடையாது. அங்கிருந்து உப்பு கள்ளத்தனமாக எல்லை தாண்டியது. இதை நிறம் பிரித்து அழகாகக் காட்டியிருக்கிறார்கள். வாலிநோக்கம் உப்பளம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஜனம் ஏன் கொதித்தது என்று தனியாக விளக்க வேண்டாம். 1790-இல் அந்த வரி ஒழிந்ததைத்தான் காணோம்.

மேல்பகுதி சுமார். மூன்று வர்க்கத்துக்கும் ஒரே அளவுக் கட்டம். அரசர் கூட்டிய மூன்று வர்க்கச் சபையில், மூன்றாம் வர்க்கமான பொதுஜனத்தின் பிரதிநிதிகள் ஏறத்தாழ 600 பேர், மற்ற இரண்டும் தலா 300. ஆனால் வர்க்கத்துக்கு ஓர் ஓட்டு என்றால் இரண்டுக்கு ஒன்று என்று தோற்க வேண்டியதுதான். 1789 மே மாதம் சபை கூடியதும் தகராறு அங்கேதான் தொடங்கியது. கட்டத்துக்குள் எண்களை மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பெரிய கோளாறு காலக்கோட்டில். 1789 ஜூலை 14, ஜனம் பிடித்த பாரிஸ் சிறைக்கோட்டை பாஸ்டில் படத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்த கிரீடம்! பிள்ளைகள் அன்றே மன்னராட்சி முடிந்தது என்று பரீட்சையில் எழுதுவார்கள். கூட்டம் போனது வெடிமருந்துக்கு. உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். பதினாறாம் லூயி அதன் பிறகும் மூன்று வருஷம் அரசர்தான். ஒரு வெள்ளைத்தாள் பட்டையில் இதை எழுதி, கிரீடத்தை மறைத்து ஒட்டுங்கள்: 1791 ஜூன், தப்பியோடி வரென் என்ற ஊரில் பிடிபட்டார், 1791 செப்டம்பர், அரசியலமைப்பு அவர் அதிகாரத்தைக் கட்டியது, 1792 ஆகஸ்ட் 10, துய்லரி அரண்மனை வீழ்ந்தது, 1792 செப்டம்பர் 21, முடியாட்சி ஒழிப்பு. தலை போனது 1793 ஜனவரி 21-இல். மூலையில் அரசி சொன்னதாகப் போட்டிருக்கும் 'ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும்' என்ற வசனத்தையும் அடித்துவிடுங்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை.

மேலும் கீழும் உள்ள தகரப்பட்டை உப்புக்காற்றில் துருப்பிடித்து, படத்தில் பழுப்பாக வழியும். வாங்கியதும் கழற்றி, அரை இஞ்சு பிவிசி பைப்பில் சுற்றி ஒட்டுங்கள். ஆணி அடித்தால் அந்த ஓட்டை வழியாக ஈரம் ஏறி லேமினேஷன் பிரியும். பிளக்ஸ் பதிப்பில் துருத் தொல்லை இல்லைதான், ஆனால் அதில் உப்பு வரி வரைபடத்தின் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. லேமினேஷனையே கேட்டு வாங்குங்கள்.