வீட்டு கம்ப்யூட்டரும் வில்லங்கமான வெப்சைட்டுகளும்: இரண்டு வருடத்தில் எது தாங்கியது, எது கைவிட்டது

ஒரே டெஸ்க்டாப், நாலு பேர். எம்.சி. ரோடு கடைக் கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கரண்ட் பில், ராத்திரியானால் புதுப்படம் தேடல். சென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் ஓடுவது இப்படித்தான். அந்த ஓட்டத்தில் இரண்டு வருடம் சோதித்த அமைப்பு: விண்டோஸ் 11 ஹோம், அதோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர், ஃபயர்பாக்ஸ் பிரௌசர், அதில் சேர்க்கும் விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் யூபிளாக் ஆரிஜின், குவாட்9 டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை; மோசடித் தளங்களுக்கு முகவரி தராது), தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட். காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் தேவைப்படவில்லை.

அதிகம் காப்பாற்றியது யூபிளாக். வில்லங்கமான பக்கத்தை யாரும் தேடிப் போவதில்லை, விளம்பரம்தான் கொண்டுபோய் விடுகிறது. ஒரு பக்கத்தில் நாலு பச்சை ‘டவுன்லோட்’ பட்டன் இருந்தால் மூன்று விளம்பரமாகத்தான் இருக்கும். யூபிளாக் இருந்தால் அந்த மூன்றும் கண்ணிலேயே படாது. கூகுள் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியதால் 2025-ல் குரோமில் முழு யூபிளாக் போய்விட்டது. இப்போது அங்கே கிடைப்பது ‘லைட்’. அதன் தடுப்புப் பட்டியல் எக்ஸ்டென்ஷன் அப்டேட் ஆகும்போதுதான் புதுப்பிக்கப்படும்; நேற்று முளைத்த மோசடித் தளத்துக்கு அந்தத் தாமதம் போதும். ஃபயர்பாக்ஸைப் பிடித்துக்கொண்டது அதற்காகத்தான்.

டிஎன்எஸ் நல்ல இரண்டாவது வேலி, ஆனால் சத்தமில்லாமல் விழுந்துவிடும். ரவுட்டரில் 9.9.9.9, 149.112.112.112 இரண்டையும் போட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களுக்கும் சேர்த்துத் தடுக்கும். ஐபிவி6 (புதுவகை நெட் முகவரி) இணைப்பு இருந்தால் குவாட்9-ன் ஐபிவி6 முகவரியையும் தனியாகப் போட வேண்டும். விட்டுவிட்டால் கேள்வி பழையபடி நெட் கம்பெனிக்கே போகும், நாம் வேலி இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். கேபிள்காரர் வந்து ரவுட்டரை ரீசெட் செய்தாலும் எல்லாம் அழிந்துவிடும். மாதம் ஒருமுறை ‘ஆன் டாட் குவாட்9 டாட் நெட்’ பக்கத்தைத் திறந்தால் போதும், ஆம் இல்லை என்று அதுவே சொல்லிவிடும். இன்னொன்று: தடுத்த தளம் ‘இப்படி ஒரு தளமே இல்லை’ என்ற மாதிரிதான் காட்டும். நெட் போய்விட்டது என்று நினைத்து டிஎன்எஸ்-ஐ மாற்றிவிடாதீர்கள்.

இந்த இரண்டையும் தாண்டி வருவது போலி கேப்ட்சா. ‘நான் ரோபோ அல்ல’ கட்டத்தைத் தட்டியதும் பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் கிளிப்போர்டில் வைத்துவிடும். பிறகு மூன்று வரி வரும்: விண்டோஸ் + ஆர் அழுத்து, கண்ட்ரோல் + வி அழுத்து, என்டர் தட்டு. விண்டோஸ் + ஆர் திறக்கும் ரன் பெட்டி சின்னது, கட்டளை நீளமானது. அதன் கடைசியில் ‘வெரிஃபிகேஷன் எண்’ மாதிரி ஒன்றை எழுதியிருப்பார்கள், கண்ணுக்குத் தெரிவது அந்த வால் மட்டும்தான். என்டர் தட்டினால் பவர்ஷெல் (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் கருவி) ஓடி, பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டும் லாகின் குக்கீயும் (பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடும் அடையாளம்) திருடர்கள் கைக்குப் போய்விடும். உண்மையான கேப்ட்சா எதுவும் பிரௌசரை விட்டு வெளியே வரச் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் இதற்கு மருந்தில்லை. சிஸ்டத்துக்குள் எதையும் ஆழமாக நிறுவ விடாது, டிஃபெண்டரை அணைக்க விடாது; அந்த அளவுக்கு மிகவும் நல்லது. ஆனால் பாஸ்வேர்டும் குக்கீயும் இருப்பது அதே அக்கவுண்டுக்குள். அதனால் பேங்க் பாஸ்வேர்டைப் பிரௌசரில் சேமிக்கவே கூடாது. ஜிஎஸ்டி கையெழுத்துக்கான யூஎஸ்பி டோக்கனின் டிரைவர், பிரிண்டர் போடும்போது மட்டும் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும், அவ்வளவுதான் சிரமம்.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய மெஷினில் முதல் நாளே பார்க்க வேண்டிய இடம் ஒன்று: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியல்). காசு கட்டாமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுக் கொடுத்த மெஷினில் சி டிரைவ் முழுவதையும் அங்கே சேர்த்திருக்கலாம். அப்படியிருந்தால் டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டு எதையும் பார்க்காது. நீக்குவதோடு நிற்காமல் விண்டோஸையே புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

மூலையில் வந்துகொண்டே இருக்கும் ‘வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ அறிவிப்பு பெரும்பாலும் வைரஸே இல்லை, ஏதோ தளத்துக்கு ‘அலவ்’ கொடுத்ததன் விளைவு. பிரௌசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதியை மொத்தமாக மூடினால் தீர்ந்தது. திரை முழுக்க மிரட்டல் வந்து மூட முடியாவிட்டால் எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் போகாவிட்டால் கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் கொடுத்து டாஸ்க் மேனேஜரில் பிரௌசரை முடியுங்கள். அந்தத் திரையில் இருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள்.

கட்டளையை ஒட்டி என்டர் தட்டிவிட்டார்களா? முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். திருடிய குக்கீ செல்லாமல் போக அதுதான் வழி. பிறகு டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன், சுமார் 15 நிமிடம் ஆகும். சந்தேகம் மிச்சமிருந்தால் முழு ரீ-இன்ஸ்டால். பணம் போயிருந்தால் இதையெல்லாம் முடிக்கும்வரை காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.