தானமாகக் கொடுத்த கார் பரனூரைக் கடந்தது: ஓர் எச்சரிக்கை

2024 மார்ச்சில் ஓர் இரவு, பதினொன்றே முக்கால் மணிக்குக் கைப்பேசி சிணுங்கியது. பரனூர் சுங்கச்சாவடியில் என் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் பிடித்திருப்பதாகச் செய்தி. நான் பள்ளிக்கரணையில் என் வீட்டில் படுத்திருந்தேன். என் காரோ இரண்டு மாதங்களுக்கு முன்பே இழுவை வண்டியில் ஏறி, ஓர் அறக்கட்டளைக்குத் தானமாகப் போய்விட்டது. வங்கியின் தவறாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். சற்று நேரத்தில் ஆத்தூர். அப்புறம் விக்கிரவாண்டி. விடிவதற்குள் செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். ஓடாத என் கார் ராத்திரியோடு ராத்திரியாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அதுவும் என் செலவில்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் முழுகியது. என்னுடையது 2011ஆம் ஆண்டு வாங்கிய வேகன் ஆர். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. கதவைத் திறந்தபோது அடித்த வாடையை இன்னும் மறக்க முடியவில்லை. குளத்துச் சேறும் டீசலும் ஊறிய சாக்கும் கலந்த ஒரு நாற்றம். இருக்கையின் முதுகில் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு சேற்றுக் கோடு. முன்பக்கம் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் காணவில்லை. மெக்கானிக் வந்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. “சாவியைத் திருகாமல் விட்டீர்களே சார், அதுவே பெரிய காரியம். ஆனால் சரிசெய்ய ஒன்றேமுக்கால் லட்சம் ஆகும். வண்டியே அவ்வளவு பெறாது” என்றார்.

வண்டி பழசாகிவிட்டதே என்று 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தேன். அதில் நம் வண்டியின் சேதத்துக்கு ஒரு காசு கிடைக்காது. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, டயரை எட்டி உதைத்துப் பார்த்து, 28,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. என் மகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி. துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட வேண்டாம் என்று தோன்றியது. இந்த மாதிரி சென்டிமென்ட்டுக்குத்தான் ஊரில் ஆள் காத்திருக்கிறது.

குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் சேதமான வாகனங்களை ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குத் தாருங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்வோம், 80ஜி வரிச்சலுகை உண்டு என்று கைகூப்பிய படத்துடன். அழைத்தேன். பொங்கல் கழிந்த வாரம் இருவர் வந்தார்கள். மூத்தவர் நெற்றி நிறைய விபூதி, கையில் ரசீதுப் புத்தகம். பேச்சில் ஒரு பதற்றம் கிடையாது.

“ஐயா, இந்த வண்டியை நாங்கள் விற்க மாட்டோம். எங்களுக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. சரிசெய்து பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகப் பயன்படுத்துவோம்.”

“பெயர் மாற்றம் எப்படி?”

“அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் ஐயா. உங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய விடுவோமா? இதில் ஒரு கையெழுத்து மட்டும்.”

வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30. வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. தேதி காலி. முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்து, “படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்” என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். காலிப் படிவத்தில் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி.யையும் கொடுத்தேன். புதுப்பேட்டை வியாபாரியிடம் அந்த 28,000 ரூபாய்க்கு விற்றிருந்தால் நோட்டை மூன்று தடவை எண்ணியிருப்பேன், அவருடைய ஆதார் நகல் கேட்டிருப்பேன், டெலிவரி நோட் எழுதி வாங்கியிருப்பேன். இவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. குழந்தைகளுக்கென்று வந்து நிற்பவரிடம் அடையாள அட்டை கேட்பதா என்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்குகிறவனின் பல்லைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் முடிவு செய்துகொண்டேன்.

வண்டி போன பிறகு என் மனைவி கேட்ட ஒரே கேள்வி: “எல்லாம் சரி, அவர்களிடமிருந்து நீங்கள் என்ன வாங்கினீர்கள்?” ரசீதைக் காட்டினேன். அதில் ‘பொருள் நன்கொடை, பழைய கார் ஒன்று’ என்று இருந்தது. வண்டி எண் இல்லை. அறக்கட்டளையின் பான் எண் இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதுதான் அதிகம் வலித்தது.

அடுத்த அடி என் ஆடிட்டர் நண்பர் கொடுத்தார். வரிச்சலுகைக்காக ரசீதைக் காட்டியபோது சிரித்தார். அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிக்கழிவு என்பது பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான். கார், அரிசி, துணி, எதைக் கொடுத்தாலும் பொருளுக்குக் கழிவு கிடையாது. பணத்திலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்திருந்தால், அறக்கட்டளை அதை வருமான வரித் துறையிடம் தெரிவித்து, 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் இல்லை. “காருக்கு 80ஜி என்று எவன் சொன்னானோ, அந்த இடத்திலேயே நீ கதவைச் சாத்தியிருக்க வேண்டும்” என்றார். உண்மைதான். இல்லாத சலுகையைக் காட்டி அழைக்கிறவர்கள் மற்றவற்றில் மட்டும் யோக்கியமாக இருப்பார்களா?

சரி, வரிச்சலுகை போனால் போகட்டும் என்றிருந்தேன். அப்போதுதான் அந்தச் சுங்கச்சாவடி இரவு. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கைக் கிழிக்க வேண்டும், வங்கியில் சொல்லிக் கணக்கை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுநூற்றுச் சொச்சம் இருப்பு இருந்தது, திருச்சி வரை தாராளமாகப் போதும். மறுநாள் கணக்கை மூடினேன். ஆனால் அந்த ஃபாஸ்டேக்தான் எனக்கு வண்டி போன திசையைச் சொன்னது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறக்கட்டளை எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்தது. நான்காம் தடவை ஒரு பெண் எடுத்து, நிர்வாகியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு மணியும் அடிக்கவில்லை. ரசீதில் இருந்த முகவரி தாம்பரத்தைத் தாண்டி ஒரு குறுக்குத் தெரு. போய்ப் பார்த்தால் தையல் கடை. தைத்துக்கொண்டிருந்தவர் மிஷினை நிறுத்தாமலே, “உங்களுடையது என்ன வண்டி?” என்று கேட்டார். எனக்கு முன்பே இருவர் வந்து போனார்களாம். மாடி அறையை ஆறு மாத வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் பிப்ரவரியிலேயே காலி செய்துவிட்டார்கள். பிள்ளைகள் யாரையும் அவர் பார்த்ததே இல்லை.

ஏப்ரலில் முதல் அபராதச் செய்தி வந்தது, திருச்சியில் சிக்னலை மதிக்காமல் போனதற்கு. அடுத்ததில் காப்பீடு இல்லை என்று 2,000 ரூபாய். என் பாலிசி பிப்ரவரியில் முடிந்திருந்தது, ‘கொடுத்துவிட்ட’ வண்டிக்கு யார் புதுப்பிப்பார்கள்? காவல் நிலையத்துக்குப் போனேன். “நீங்களே கையெழுத்துப் போட்டு, சாவியும் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். திருட்டு என்று எப்படி எழுதுவது?” என்று கேட்டார் உதவி ஆய்வாளர். கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டு மணி நேரம் காத்திருந்து, மோசடிப் புகாராக எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். அது பிறகு உதவியது.

தூக்கத்தைக் கெடுத்தது அபராதம் அல்ல, மகளின் தோழியான வழக்கறிஞர் சொன்னதுதான். மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்றில் கார் ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு என்று பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தபோது ஓட்டியவரும் வேறு, வைத்திருந்தவரும் வேறு. ஆனாலும் பதிவேட்டில் பெயர் இருந்தவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. “காப்பீடு இல்லாத வண்டி, அங்கிள். யார் மீதாவது மோதினால் தீர்ப்பாயம் முதலில் உங்களைத்தான் தேடும்” என்றார் அந்தப் பெண். அன்றிலிருந்து ஒவ்வொரு குறுஞ்செய்தி ஒலிக்கும் வயிறு கலங்கியது.

அவரே வழியும் சொன்னார். அதே சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, வண்டியைக் கைமாற்றியவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் தெரிவிப்பார் என்று நாம் சும்மா இருக்கக் கூடாது, இரண்டும் தனித்தனிக் கடமை. காலம் கடந்துவிட்டாலும் நடந்ததை எழுதி, சி.எஸ்.ஆர். நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாங்கியவரின் பெயர் தெரியாததால் அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் ஜூன் மாதம் தெரிந்தது. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஓர் இளைஞர். “சார், உங்கள் போனுக்கு ஓர் ஓ.டி.பி. வந்திருக்கும். கொஞ்சம் சொல்ல முடியுமா?” எனக்கு வந்ததே கோபம். இனி ஒருவனிடமும் ஏமாறுவதில்லை என்று வாய்க்கு வந்தபடி திட்டி இணைப்பைத் துண்டித்தேன். அவர் மறுபடி அழைத்தார். மூன்றாவது முறை, அழுகிற குரலில் என் வண்டி எண்ணைச் சொன்னார். ரசீதுப் புத்தகம் வைத்திருந்தவரை நம்பிவிட்டு, உண்மை பேசியவரைத் திட்டியிருக்கிறேன்.

நர்சரிச் செடி விற்கிற பிள்ளை. திருச்சியில் ஒரு பழைய கார் தரகரிடம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்து வாங்கியிருக்கிறார். வெள்ளம் பார்த்த வண்டி என்று யாரும் சொல்லவில்லை. இருக்கை உறை புதிது, உள்ளே மல்லிகை வாசனைத் திரவம். நான் கையெழுத்துப் போட்ட காலிப் படிவங்களில் தரகர் இவர் பெயரை எழுதித் தந்திருக்கிறார். பெயர் மாற்ற இணையத்தில் விண்ணப்பித்தால் பதிவில் உள்ள என் கைப்பேசிக்கு ஓ.டி.பி. போகிறது. என் எண்ணை, வண்டிக்குள் கிடந்த பழைய காப்பீட்டு நகலிலிருந்து எடுத்திருக்கிறார். வாங்கிய மூன்றாம் வாரமே முகப்பு விளக்கு தானாக எரிந்து அணைய ஆரம்பித்ததாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். போனிலேயே இழுத்துப் பார்த்தார். பெல்ட்டின் அடிப்பகுதி முழுக்கக் காய்ந்த சேறு. அந்தப் பக்கம் வெகுநேரம் பேச்சே இல்லை.

திருச்சிக்கு நானே போனேன். தேதியும் பெயரும் நிரப்பிய புதிய படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டோம், டெலிவரி நோட் எழுதிக்கொண்டோம். அவர் காப்பீடு எடுத்தார். சிக்னல் அபராதத்தை அவர் கட்டினார், காப்பீட்டு அபராதத்தை நான் கட்டினேன். ஜூலையில் ஆர்.சி. அவர் பெயருக்கு மாறியது. தரகர், “எனக்கு வந்ததைத்தான் விற்றேன்” என்றதோடு சரி. விபூதிக்காரர் இன்றுவரை அகப்படவில்லை.

சேதமான கார் வைத்திருப்பவர்களுக்கு: நல்ல காரியம் செய்ய ஆசை என்றால், வண்டியைக் கிடைத்த விலைக்கு விற்றுப் பெயரை மாற்றிவிட்டு, அந்தப் பணத்தை நீங்கள் நேரில் போய்ப் பார்த்த ஓர் இல்லத்துக்குக் காசோலையாகக் கொடுங்கள். ஓட்டவே லாயக்கில்லை என்றால், பதிவு பெற்ற வாகனக் கழிவு மையத்தில் ஒப்படைத்து, அதற்கு அத்தாட்சியாக வைப்புச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள். வண்டியாகவேதான் கொடுப்பேன் என்றால், அறக்கட்டளையின் பெயருக்கு ஆர்.சி. மாறும்வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அதற்குச் சம்மதிக்காதவர்கள் தாங்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

திருச்சியிலிருந்து கிளம்பும்போது அந்தப் பையன் ஒரு செடியும் காகிதப் பொட்டலமும் கொடுத்தார். பின்னிருக்கைக்கு அடியில் கிடந்ததாம். பிரித்தால் எங்கள் பிள்ளையார், ஒரு காது உடைந்து, தும்பிக்கையில் இன்னும் பள்ளிக்கரணைச் சேறு.

“உங்களுடையதுதானே சார்? இதற்கு ஓ.டி.பி. வேண்டாமே?” என்று கேட்டார்.