பூனைக்கு மணியா, ஜன்னலுக்கு வலையா?

துடிக்கத் துடிக்க எதையாவது கவ்விக்கொண்டு வந்து சோபாவுக்கு அடியில் விட்டுவிடும் பூனை உங்கள் வீட்டிலும் இருக்கிறதா? சிங்கப்பூரில் அதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான் சொல்கிறார்கள். கழுத்தில் மணி, கழுத்தில் பளிச்சென்ற துணிப்பட்டை, இல்லையென்றால் வீட்டுக்கே வலை. எங்கள் ஈசூன் வீட்டில் வலை போட்டாயிற்று. அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நமக்குப் பரிசு கொண்டு வருகிறது என்பதெல்லாம் நாம் சொல்லிக்கொள்வது. தாய்ப்பூனை இரையை அரை உயிரோடு கொண்டுவந்து குட்டிகளுக்குப் பழக்கும். பிடித்ததைப் பத்திரமான இடத்துக்குத் தூக்கிப் போகும் குணமும் அதற்கு உண்டு. வயிறு நிறைந்திருந்தாலும் கை சும்மா இருக்காது. நம் அடுக்குமாடி புளோக்குகளில் மாட்டுவது பல்லி, மூஞ்சூறு, மைனாக் குஞ்சு. தாழ்வாரத்துப் பூந்தொட்டியில் கூடு கட்டும் தேன்சிட்டும் தப்புவதில்லை. மைனாவுக்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை, தேன்சிட்டு என்றால் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதக்கணக்கில் பேசமாட்டார்.

‘பூனைக்கு யார் மணி கட்டுவது’ என்ற கேள்விக்கு இங்கே விடை சுலபம், சில வெள்ளிக்குக் கடையில் கிடைக்கிறது. பலன்தான் சந்தேகம். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், மணியால் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. அதற்கு முந்தைய சில பிரிட்டிஷ் ஆய்வுகளில் குறைந்தது என்றும் இருக்கிறது. போதாக்குறைக்கு, எங்காவது மாட்டினால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பட்டையைத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பூனையின் கழுத்துக்கே ஆபத்து. அது கழன்று கழன்று கீழ்த்தளத்துச் செடிகளுக்குள் போய்விடும்.

பளிச்சென்ற துணிப்பட்டை பரவாயில்லை. அதே ஆய்வில், வீட்டுக்கு வந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைகள் நிறத்தைப் பார்த்து உஷாராகிவிடுகின்றன. எலி, மூஞ்சூறு விஷயத்தில் அந்தப் பலன் இல்லை. இதை ஒரு தோழி வீட்டில் பார்த்ததோடு சரி, நான் கட்டிப் பார்த்ததில்லை. அந்த எக்ஸிடர் ஆய்விலேயே, இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவால் வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதமும், தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதால் 25 சதவீதமும் குறைந்தன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை வைத்துத்தான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்தபோது, பிடித்ததில் கால்வாசிகூட வீட்டுக்கு வரவில்லை. அதோடு, வாயிலிருந்து மீட்ட பறவை பறந்து போனாலும் பிழைத்தது என்று அர்த்தமில்லை. பூனையின் எச்சிலில் உள்ள கிருமி சின்னப் பல் காயம் வழியாகவே அதைக் கொன்றுவிடும். பிடிபட்ட பிறகு நாம் செய்யக்கூடியது, காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, ஏக்கர்ஸ் போன்ற வனவிலங்கு மீட்பு அமைப்பைக் கூப்பிடுவதுதான்.

ஆகவே வலை. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்தோடு வளர்க்கலாம், அடையாளத்துக்கான நுண்சில்லும் (மைக்ரோசிப்) கட்டாயம். பூனை வெளியே போய்விடாதபடி ஜன்னலுக்கும் கேட்டுக்கும் வலை போடும்படி தேசியப் பூங்காக் கழகமும் சொல்கிறது. மாடியிலிருந்து விழும் ஆபத்துக்கும் இதுவே மருந்து. இதையெல்லாம் யாரும் மறுக்கப் போவதில்லை. வலை போடுவதா வேண்டாமா என்று தயங்க வைப்பது பராமரிப்புதான்.

பிளாஸ்டிக் வலையைக் கேபிள் டை போட்டு கிரில்லில் கட்டுவதுதான் மலிவு. ஆனால் மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலில் அந்த டைகள் வெளுத்து, விரலால் அழுத்தினாலே பட்டென்று உடையும். ஒரு மூலை விட்டுப்போனால் போதும், பூனை தலையை நுழைத்துப் பார்க்கும், தலை போனால் உடம்பும் போகும். கறுப்பு டை வெயிலுக்குக் கொஞ்சம் அதிகம் தாங்குகிறது. கொசுவலைத் துணி நகத்துக்குத் தாங்காது. ‘கண்ணுக்குத் தெரியாத கிரில்’ என்று விற்கும் கம்பிகள் அழகுதான், ஆனால் ஒல்லிப் பூனைக்கு அந்த இடைவெளியே வாசல். நாங்கள் கடைசியில் பிளாஸ்டிக் பூசிய எஃகு வலைக்கு வந்தோம். வீடு முழுக்க ஆள் வைத்துப் போட்டால் சில நூறு வெள்ளி ஆகும்.

அப்புறம் இரண்டு இடைஞ்சல்கள். வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலில் உள்ளே வலை போட்டுவிட்டால், மழை வரும்போது கைப்பிடியை எட்டிப் பிடித்துச் சாத்த முடியாது. சமையலறைப் பக்கம் மூங்கில் கழியில் துணி காயப்போடும் பழைய புளோக் என்றால் இன்னும் சிக்கல். இரண்டுக்கும் ஒரே வழி, கீல் வைத்துத் திறக்கும் சட்டத்தில் வலை அடிப்பது. துணி காயப்போடும்போது பூனையை அறையில் பூட்டிவிட்டுத்தான் திறக்கிறோம். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும், பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். இவ்வளவு வேலை இருந்தும் என் ஓட்டு வலைக்கே. பட்டையை நாள்தோறும் பூனையின் கழுத்தில் தேட வேண்டும், வலையை எப்போதாவது மூலை மூலையாகத் தடவிப் பார்த்தால் போதும்.

பல்லியை மட்டும் எந்த வலையும் தடுக்காது. பல்லி தின்னும் பூனைக்கு ஈரலில் ஒருவகைத் தட்டைப்புழு வரலாம். எங்கள் பூனைக்கு வந்ததில்லை. சாப்பிடாமல், வாந்தி எடுத்து, கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் மருத்துவரிடம் பல்லி விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் துளை போடாமல் கிரில்லிலேயே கட்டிக்கொள்ளலாம், முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தோட்டத்தோடு தரைவீடு என்றால் என் அனுபவம் அங்கே செல்லாது. முழுத் தோட்டத்துக்கும் வலை அடிக்க முடியாதவர்கள் துணிப்பட்டையிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.